எண்ணும் கயிறு, அளக்கும் கயிறு: முடிச்சுக் கயிறுகளைச் செய்து பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

தாளும் அளவுகோலும் கடிகாரமும் கைக்கு எட்டாத காலத்தில் மனிதர்கள் தூரத்தையும் வேகத்தையும் நாளையும் கணக்கையும் கயிற்றில் முடிந்து வைத்தார்கள். எகிப்திய வயல்களிலும் வேத காலத்து வேள்விக் களங்களிலும் கப்பல் தளங்களிலும் ஆண்டிஸ் மலைநாட்டுக் களஞ்சியங்களிலும் இந்த வேலையைச் செய்தது முடிச்சிட்ட கயிறுதான். இருட்டில் விரலால் தடவிப் படிக்கலாம், நனைந்தாலும் அழியாது, சுருட்டினால் மடியில் அடங்கிவிடும். இவற்றில் ஆறு வகைக் கயிறுகளை எப்படிச் செய்வது, எப்படிப் பயன்படுத்துவது, எங்கே தவறும் என்பதைக் கீழே காணலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு: முடிச்சுப் போடுவது எளிது, போட்ட முடிச்சைப் போட்ட இடத்திலேயே நிற்க வைப்பதுதான் கடினம். அதனால் முதலில் கயிற்றைப் பற்றி.

கயிற்றைப் பழக்குவது

அளவுக் கயிற்றுக்கு நைலான் வேண்டாம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அளக்கும் வேலைக்கு அது உதவாது. பாலியெஸ்டர் பின்னல் கயிறு மிக நல்லது. பருத்தி, சணல் போன்ற இயற்கை நார்க் கயிறுகளும் சரிதான். ஆனால் முறுக்கிய நார்க் கயிறு நனைந்தால் நார்கள் பருத்து, முறுக்கு இறுகி, நீளம் குறையும். காய்ந்தால் மறுபடி தளரும். புதுக் கயிற்றில் நேரடியாக அளவு குறித்தால் ஒரே மழையில் எல்லாம் பொய்யாகிவிடும்.

ஆகவே முதலில் கயிற்றை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். மறுநாள் இரண்டு கம்பங்களுக்கு இடையே இறுக்கிக் கட்டி, நடுவில் ஒரு எடையைத் தொங்கவிட்டு, அப்படியே காய விடுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தால் கயிறு தன் நீளத்துக்கு வந்து நிற்கும். நிலத்தில் பயன்படும் கயிற்றுக்குக் காய்ந்த பிறகு அளவு குறியுங்கள். கடலில் பயன்படும் கயிற்றுக்கு நனைந்த நிலையிலேயே குறியுங்கள், ஏனெனில் அது வேலை செய்வது நனைந்துதான்.

அடுத்து, முடிச்சு எவ்வளவு கயிற்றைத் தின்னும் என்று தெரிய வேண்டும். சாதாரண ஒற்றை முடிச்சு, இறுக்கிய பின், கயிற்றின் விட்டத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு நீளத்தை உள்வாங்கும். 6 மி.மீ. கயிற்றில் அது சுமார் 6 செ.மீ. கயிற்றுக்குக் கயிறு இது மாறும் என்பதால் ஒரு துண்டில் பத்து முடிச்சுப் போட்டு, குறைந்த நீளத்தைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சை இடத்தில் நிறுத்தும் முறை இது. தளர்வாக ஒற்றை முடிச்சைப் போடுங்கள். அதன் வளையத்துக்குள் ஒரு ஆணியை நிறுத்தி, வேண்டிய குறியில் ஆணியை வைத்துக்கொண்டு, முடிச்சை ஆணியை நோக்கி நகர்த்தி இறுக்குங்கள். ஆணியை உருவிய பின் இரு பக்கமும் முழு பலத்தோடு இழுங்கள். அரைகுறையாக இறுக்கிய முடிச்சு பிறகு வேலை நடக்கும்போது இறுகி, அடுத்தடுத்த எல்லா அளவுகளையும் தள்ளிவிடும். அளப்பது எப்போதும் முதல் முடிச்சிலிருந்தே இருக்கட்டும். முந்தைய முடிச்சிலிருந்து அடுத்ததை அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும்: ஒவ்வொரு இடைவெளியிலும் 3 மி.மீ. பிசகினால் பன்னிரண்டாவது இடைவெளியின் முடிவில் 3.6 செ.மீ. வந்து நிற்கும்.

கயிற்றிலேயே முடிச்சிடாமல் இன்னொரு வழியும் உண்டு. முப்புரிக் கயிற்றின் புரிகளைத் திறந்து, ஒரு துண்டு மெல்லிய சரடை உள்ளே நுழைத்து, அந்தச் சரடின் தொங்கும் நுனியில் முடிச்சைப் போடலாம். கப்பல் வேகக் கயிற்றில் மாலுமிகள் செய்தது இதைத்தான். ஒற்றை முடிச்சு கயிற்றின் பலத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கும். சரடு நுழைத்தால் அந்த இழப்பு இல்லை. குறியை நகர்த்தித் திருத்தவும் முடியும். 20 மீட்டருக்கு மேற்பட்ட எந்தக் கயிற்றுக்கும் இதையே பரிந்துரைக்கிறோம்.

செங்கோணக் கயிறு

பண்டைய எகிப்தில் ஆண்டுதோறும் நைல் வெள்ளம் வரப்புகளை அழித்துச் சென்றது. நிலத்தை அளந்து மீட்டுக் கொடுக்கக் கயிறு பிடிப்போர் இருந்தார்கள். தீப்ஸில் உள்ள மென்னாவின் கல்லறை ஓவியத்தில், விளைந்த வயலின் ஓரமாக முடிச்சுகள் தெரியும் கயிற்றை நீட்டிப் பிடித்தபடி அவர்கள் நடப்பதைக் காணலாம். 3, 4, 5 என்ற முக்கோணத்தைக் கயிற்றால் அமைத்துத்தான் அவர்கள் செங்கோணம் எடுத்தார்கள் என்று பல நூல்களில் உறுதியாகச் சொல்லப்படுகிறது. அதற்கு நேரடிச் சான்று இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மோரிட்ஸ் கான்டர் என்ற கணித வரலாற்றாசிரியர் சொன்ன ஊகம்தான் பரவிவிட்டது. ஆனால் முறை மட்டும் பழுதில்லாதது.

தேவையானவை: 6 மி.மீ. கயிறு 14 மீட்டர், மூன்று முளைகள், ஒரு தூக்குக் குண்டு. கயிற்றில் 1 மீட்டருக்கு ஒன்றாக 13 முடிச்சுகள் போடுங்கள். அவற்றுக்கு இடையே 12 இடைவெளிகள் கிடைக்கும். முதல் முடிச்சை 0 என்றும் கடைசியை 12 என்றும் வைத்துக்கொள்வோம்.

1. கட்டடத்தின் மூலை வரவேண்டிய இடத்தில் முளை அடித்து, 3ஆம் முடிச்சை அதில் பொருத்துங்கள்.
2. தெரிந்த சுவர்க்கோட்டின் மேல் கயிற்றை இழுத்து, 7ஆம் முடிச்சில் இரண்டாவது முளை. இது 4 மீட்டர்.
3. 0, 12 ஆகிய இரு முடிச்சுகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, கயிற்றின் இரண்டு பக்கங்களும் ஒரே அளவுக்கு விறைக்கும் வரை வெளிப்பக்கம் இழுங்கள். அங்கே மூன்றாவது முளை.
4. 3ஆம் முடிச்சில் கிடைப்பது செங்கோணம்.

தவறு பெரும்பாலும் முளையின் பருமனில்தான் தொடங்குகிறது. 4 செ.மீ. பருமனுள்ள முளையைச் சுற்றிக் கயிறு போனால் முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் கெடும். முளையின் தலையில் ஒரு மெல்லிய ஆணி அடித்து, முடிச்சின் நடுவை ஆணியோடு ஒட்டி வையுங்கள். அடுத்த தவறு சரிவான தரை. கயிறு தரையோடு படியக் கூடாது. கிடைமட்டமாக இழுத்து, தாழ்ந்த முனையிலிருந்து தூக்குக் குண்டால் புள்ளியைக் கீழே இறக்க வேண்டும். 5 மீட்டர் கர்ணத்தில் 1 செ.மீ. கூடினால் கோணம் சுமார் 0.24 பாகை விலகும். அதே கோட்டை 10 மீட்டர் சுவராக நீட்டினால் முனையில் 4 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போயிருக்கும்.

சரிபார்க்க எளிய வழி: அதே முக்கோணத்தைச் சுவர்க்கோட்டின் மறுபக்கமும் இழுத்து ஒரு முளை அடியுங்கள். இந்தப் புது முளை, மூலை முளை, பழைய முளை மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் முடிச்சில் பிழை இருக்கிறது.

இதைவிடச் சிறந்த கயிறு ஒன்று, வேள்விக் களங்களை அளந்து அமைக்கும் முறை சொல்லும் பழைய வடமொழி நூல்களான சுல்ப சூத்திரங்களில் இருக்கிறது. வேள்விக் களம் அமைக்க ஆபஸ்தம்பர் சொல்லும் முறையில் கயிற்றில் ஒரே ஒரு குறிதான். கிழக்கு மேற்காக 36 அளவு நீளம். கயிற்றின் நீளம் 36உடன் அதன் பாதியான 18ஐச் சேர்த்து 54. மேற்கு முனையிலிருந்து 15இல் ஒரு குறி. கயிற்றின் இரு முனைகளையும் 36 அளவு இடைவெளியில் உள்ள இரு முளைகளில் மாட்டி, குறியைப் பிடித்து இழுத்தால் 15, 36, 39 என்ற முக்கோணம் விழும். 225ஐயும் 1296ஐயும் கூட்டினால் 1521; அது 39இன் வர்க்கம். செங்கோணம் மேற்கு முளையில்.

வீட்டு வேலைக்கு இதைப் பத்தில் ஒன்றாக்குங்கள்: முளைகளுக்கு இடையே 3.60 மீ., இரு முனைகளிலும் கண்ணி போட்ட கயிறு, கண்ணியின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை 5.40 மீ., ஒரு முனையிலிருந்து 1.50 மீ. தொலைவில் குறி. பதின்மூன்று முடிச்சுகளில் எது வேண்டுமானாலும் பிசகலாம். இங்கே பிசக ஒன்றுதான் உண்டு. முனைகள் முளையில் மாட்டியிருப்பதால் ஒரே ஆள் போதும். குறியை வடக்கே இழுத்து ஒரு முளை, தெற்கே இழுத்து ஒரு முளை என்று இரண்டு மூலைகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிடலாம். எங்கள் கைக்கு இதுதான் முதல் தேர்வு.

கப்பலின் வேகக் கயிறு

ஓடும் கப்பலிலிருந்து ஒரு பலகையைத் தண்ணீரில் போட்டு, குறித்த நொடிகளில் எவ்வளவு கயிறு வெளியே ஓடுகிறது என்று எண்ணுவதே இதன் வேலை. வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இல் அச்சிட்ட கப்பலோட்டும் நூலில் இதை விவரித்தார். தொடக்கத்தில் அரை நிமிடத்துக்கு 42 அடி இடைவெளி வைத்தார்கள். ரிச்சர்ட் நார்வுட் பூமியின் ஒரு பாகை நீளத்தை அளந்து 1637இல் வெளியிட்ட பிறகு அது குறைவு என்று தெரிந்தது. பிற்காலத்தில் நிலைத்தது 28 நொடிக்கு 47 அடி 3 அங்குலம், அதாவது 14.40 மீட்டர்.

கணக்கு எளிது. ஒரு கடல் மைல் 1852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் என்பது நொடிக்கு 0.5144 மீட்டர். இதை உங்கள் நொடிகளால் பெருக்குங்கள்: 28 நொடிக்கு 14.40 மீ., 30 நொடிக்கு 15.43 மீ., 14 நொடிக்கு 7.20 மீ. சிறு படகுக்கு 14 நொடி அளவே வசதி. கயிறு பாதி போதும்.

பலகைக்கு 15 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டமாக, 6 முதல் 10 மி.மீ. தடிமனில் மரத்தை அறுத்துக்கொள்ளுங்கள். வளைந்த விளிம்பில் ஈயத் தகடு அடித்து, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். பலகை செங்குத்தாக நின்று, கூர்முனை மட்டும் நீருக்கு மேல் தெரிந்தால் ஈயம் போதும். படுத்தால் இன்னும் சேர்க்க வேண்டும். மூழ்கினால் குறைக்க வேண்டும். மூன்று மூலைகளிலும் துளையிட்டு மூன்று சிறு கயிறுகளைக் கோத்து, அவற்றை ஒன்றாக்கி வேகக் கயிற்றோடு சேருங்கள். ஒன்றை மட்டும் முடியாமல், இறுக்கமாகச் செருகிய மரமுளை வழியே இணைக்க வேண்டும். அளவு எடுத்து முடித்ததும் வெடுக்கென்று இழுத்தால் முளை கழன்று, பலகை நீரில் படுத்துவிடும். எளிதாக உள்ளே இழுக்கலாம். முளை இல்லாவிட்டால் செங்குத்தான பலகை தண்ணீரை அணைத்துக்கொண்டு வர மறுக்கும், கயிறும் நீளும்.

கயிறு 4 மி.மீ. பருமன். பலகையிலிருந்து முதல் 15 முதல் 20 மீட்டர் வரை குறி எதுவும் வேண்டாம். கப்பலின் பின்னே கலங்கிச் சுழலும் நீரைப் பலகை தாண்டுவதற்கான விடுகயிறு அது. அதன் முடிவில் ஒரு வெள்ளைத் துணி. துணியிலிருந்து 14.40 மீட்டருக்கு ஒன்றாகச் சரடு நுழைத்து, முதல் சரடில் ஒரு முடிச்சு, இரண்டாவதில் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போங்கள். இடைவெளிகளின் நடுவே தோல் துண்டு ஒன்று நுழைத்தால் அரை அளவும் கிடைக்கும். 10 வரை எண்ண ஏறத்தாழ 165 மீட்டர் கயிறு வேண்டும்.

ஓட்டும்போது மூன்று பேர். ஒருவர் கயிற்றுச் சுருணையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். ஒருவர் காற்று வரும் பக்கத்தைத் தவிர்த்துப் பலகையைப் பின்புறம் வீசிக் கயிற்றை விடுவார். ஒருவர் மணற்கடிகாரத்தோடு நிற்பார். வெள்ளைத் துணி கையைக் கடந்ததும் “திருப்பு!” என்ற குரல், மணல் தீர்ந்ததும் “நிறுத்து!” என்ற பதில். அந்தக் கணமே கயிற்றை இறுக்கிப் பிடித்து, கையருகே உள்ள சரடின் முடிச்சுகளை எண்ண வேண்டும். எத்தனை முடிச்சோ, மணிக்கு அத்தனை கடல் மைல் வேகம்.

பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தெரிந்துவைப்பது முக்கியம். சுருணை சிக்கித் தயங்கினால் பலகை கப்பலோடு இழுபடும். வேகம் குறைவாகக் காட்டும். கயிறு நீண்டுபோயிருந்தாலும் குறைவாகத்தான் காட்டும். கயிறு சுருங்கினாலும், ஈரத்தில் மணல் மெதுவாக இறங்கினாலும் வேகம் கூடுதலாகத் தெரியும். பழைய கப்பலோட்டிகள் கூடுதல் பக்கப் பிழையையே விரும்பினார்கள். கணக்கில் கப்பல் முன்னால் இருந்தால் கரை வருமுன்பே எச்சரிக்கை ஆகிவிடலாம். கணக்கில் பின்தங்கியிருந்தால் பாறையில் மோதிய பிறகுதான் தெரியும். இன்னொன்று: இந்தக் கயிறு காட்டுவது நீரைப் பொறுத்த வேகம். நீரோட்டம் கப்பலைத் தூக்கிக்கொண்டு போவது இதில் தெரியவே தெரியாது.

ஆழக் கயிறு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீட்டிய இரு கைகளின் அகலமான பாகம், கடல் வழக்கில் 1.83 மீட்டர். சுமார் 3.2 கிலோ ஈயக் குண்டைக் கட்டி, அதன் அடிக்குழியில் கொழுப்பைப் பூசி இறக்கினால், ஆழத்தோடு அடியில் இருப்பது மணலா சேறா சிப்பியா என்பதும் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஆங்கிலக் கப்பல் வழக்கில் 2 பாகத்தில் இரண்டு தோல் வார், 3இல் மூன்று தோல் வார், 5இல் வெள்ளைத் துணி, 7இல் சிவப்புக் கம்பளித் துணி, 10இல் துளையிட்ட தோல், 13இல் நீலத் துணி, 15இல் மறுபடி வெள்ளை, 17இல் மறுபடி சிவப்பு, 20இல் இரண்டு முடிச்சிட்ட சரடு. நிறம் பகலுக்கு, துணியின் சொரசொரப்பு இரவுக்கு. அதனால் ஒரே வகைத் துணியில் மூன்று நிறம் வைக்காதீர்கள். இருட்டில் மூன்றும் ஒன்றுதான். 20க்கு மேல் பத்துக்கு ஒரு முடிச்சு கூடும். இடையில் வரும் ஐந்துகளுக்கு ஒற்றை முடிச்சு.

கப்பல் நகரும்போது குண்டை முன்பக்கம் வீசி, கயிறு நேர் செங்குத்தாக வரும் கணத்தில் படிக்க வேண்டும். சாய்ந்த கயிற்றில் படித்தால் ஆழம் கூடுதலாகத் தெரியும். இங்கே அது உயிருக்கு ஆபத்தான பக்கம்.

விண்மீன் கயிறு

இந்தியப் பெருங்கடல் மாலுமிகள் அட்சரேகையை ஒரு சிறு பலகையாலும் ஒரு முடிச்சுக் கயிற்றாலும் கண்டார்கள். அரபுக் கப்பல்களில் அதன் பெயர் கமால். தமிழ்க் கடலோடிகள் அதை ராப்பலகை என்றார்கள். பலகையின் நடுத்துளையில் கயிறு, கயிற்றில் முடிச்சுகள், முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு விறைக்கப் பலகையை முன்னே நீட்டினால், கீழ்விளிம்பு தொடுவானத்திலும் மேல்விளிம்பு துருவ மீனிலும் பொருந்தும் முடிச்சு எதுவோ அதுவே நீங்கள் இருக்கும் அட்சரேகை.

10 செ.மீ. உயரமுள்ள பலகைக்குக் கண்ணிலிருந்து பலகை வரை வேண்டிய தூரம் இது: 10 பாகைக்கு 57.2 செ.மீ., 12க்கு 47.6, 15க்கு 38.0, 18க்கு 31.6, 20க்கு 28.4. இடைப்பட்டவற்றுக்கு, பலகை உயரத்தின் பாதியை, கோணத்தின் பாதிக்குரிய டேன்ஜென்ட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். பல் கண்ணுக்குக் கீழே இருப்பதால் கயிறு சற்றுச் சாய்வாகப் போகும். குறைந்த தூரங்களில் ஒரு செ.மீ. அளவுக்குக் கயிறு கூட வேண்டியிருக்கும். ஆகவே கணக்குப்படி தளர்வான முடிச்சு இட்டு, அட்சரேகை தெரிந்த இடத்தில் விண்மீனைப் பார்த்து இழுத்துச் சரிசெய்து, பிறகு இறுக்குங்கள்.

தொடுவானமும் விண்மீனும் சேர்ந்து தெரியும் அந்தி அல்லது விடியல்தான் இதற்கு நேரம். 57 செ.மீ. தூரத்தில் ஒரு செ.மீ. பிசகினால் 0.17 பாகை, கடலில் அது 10 கடல் மைல். துருவ மீன் சரியாகத் துருவத்தில் இல்லை. இன்று ஏறத்தாழ முக்கால் பாகைக்குள் சுற்றுகிறது, 1500 வாக்கில் மூன்று பாகைக்கு மேல் விலகியிருந்தது. பழைய மாலுமிகள் இதைத் தாண்டிய விதம் அழகானது: எண்ணைக் கணக்கிடவே இல்லை. துறைமுகத்தில் நின்று, அங்கே துருவ மீன் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். ஒரு துறைக்கு ஒரு முடிச்சு. திரும்பும்போது அந்த முடிச்சு பொருந்தும் வரை வடக்கிலோ தெற்கிலோ ஓட்டி, பிறகு கிழக்கு மேற்காகக் கரையை நோக்கித் திரும்பினால் போதும். பார்க்கும் நேரத்தை மட்டும் மாற்றக்கூடாது. துருவ மீனைச் சுற்றியுள்ள மீன்கள் அதே நிலையில் இருக்கும்போது பார்க்க வேண்டும்.

நாள் எண்ணும் கயிறு

ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்: பாரசீக மன்னன் தாரயவஹு (டேரியஸ்) சித்திய நாட்டுக்குள் படை நடத்திப் போகும்போது, டான்யூப் பாலத்தைக் காக்கும் கிரேக்கர்களிடம் 60 முடிச்சிட்ட தோல்வாரைக் கொடுத்தான். நாளுக்கு ஒன்றை அவிழ்க்க வேண்டும். எல்லாம் தீர்ந்தும் அவன் வராவிட்டால் அவர்கள் ஊர் திரும்பலாம். 1680இல் இன்றைய நியூ மெக்சிகோவின் புவெப்லோ மக்கள் ஸ்பானியர்களுக்கு எதிராக ஒரே நாளில் எழ வேண்டியிருந்தபோது, போபே என்ற தலைவர் ஊர்தோறும் முடிச்சுக் கயிறுகளை ஓட்டக்காரர்களிடம் அனுப்பினார். ஓட்டக்காரர்கள் இருவர் பிடிபட்டதால் நாள் முந்தி, ஆகஸ்ட் 10இல் எழுச்சி தொடங்கியது.

இத்தகைய கயிற்றுக்கு உருவு முடிச்சுப் போடுங்கள்: நுனியை முழுதும் இழுக்காமல் மடித்தே விட்டால் ஒரே இழுப்பில் அவிழும். சாதாரண முடிச்சு நனைந்து இறுகினால் நகத்துக்கு வராது. நுனியிலிருந்து தொடங்கி ஒரே திசையில் அவிழுங்கள். கொடுக்கும் நாளே முதல் முடிச்சா, மறுநாளா என்பதை வாயால் சொல்லி உறுதி செய்யுங்கள். இரண்டு பேர் வைத்திருக்கும் கயிறுகள் ஒரு நாள் பிசகுவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

கிப்பு: கணக்குப் புத்தகமான கயிறு

ஆண்டிஸ் மலைநாட்டை ஆண்ட இன்கா பேரரசு வரியையும் தானியத்தையும் மக்கள் தொகையையும் கயிற்றில் எழுதியது. கிப்பு காமயோக் எனப்பட்ட அலுவலர்கள் அதை முடிந்தார்கள், படித்தார்கள். 1583இல் லிமாவில் கூடிய திருச்சபை மன்றம் கிப்புகளை அழிக்கச் சொன்னது. தப்பியவை உலக அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. 1912இல் லேலண்ட் லாக் அவற்றின் எண் முறையைப் படித்துக் காட்டினார். அது பத்தடுக்கு முறை. இடமதிப்பும் சுழியமும் அதில் உண்டு.

ஒரு கிப்பு செய்ய 60 செ.மீ. நீளமும் 5 மி.மீ. பருமனும் உள்ள தாய்க்கயிறு ஒன்று, 2 மி.மீ. பருத்திச் சரடு ஒரு மீட்டர் துண்டுகளாக நான்கு. ஒவ்வொரு சரடின் தலையிலும் சிறு கண்ணி இடுங்கள். கண்ணியைத் தாய்க்கயிற்றின் பின்புறம் வைத்து, சரடின் வாலைத் தாய்க்கயிற்றின் முன்னால் கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் அது தொங்கும்.

தாய்க்கயிற்றிலிருந்து 8 செ.மீ. கீழே ஆயிரம், 16இல் நூறு, 24இல் பத்து, 32இல் ஒன்று. இந்த நான்கு கோடுகளையும் ஒரு அட்டையில் வரைந்து, சரடுகளின் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுகள் மூன்று வகை. பத்து, நூறு, ஆயிரம் ஆகிய இடங்களில் ஒற்றை முடிச்சுகளின் கொத்து: ஐம்பது என்றால் பத்தின் கோட்டில் அடுத்தடுத்து ஐந்து. ஒன்றின் இடத்தில் 2 முதல் 9 வரை சுற்று முடிச்சு. ஒரே முடிச்சில் எத்தனை சுற்றோ அத்தனை. ஒன்று என்ற இலக்கத்துக்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சு. ஒரே சுற்றுள்ள சுற்று முடிச்சு ஒற்றை முடிச்சாகவே தெரியும் என்பதால் இந்தத் தனி ஏற்பாடு. சுழியத்துக்கு அந்த இடம் வெறுமை.

சுற்று முடிச்சு இடும் விதம்: ஒரு வளையம் போட்டு, வேண்டிய எண்ணிக்கை முறை வாலை அதற்குள் நுழையுங்கள். இரு முனைகளையும் மெதுவாக எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போதே, விரலால் சுற்றுகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக உருட்டி அடுக்குங்கள். வேகமாக இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஏழா எட்டா என்று யாராலும் எண்ண முடியாத கட்டியாகிவிடும்.

எப்போதும் மேலிருந்து கீழாக முடியுங்கள். கீழே முதலில் முடிந்தால், மேலே போடும் ஒவ்வொரு முடிச்சும் கயிற்றைத் தின்று கீழுள்ளதை மேலே ஏற்றி, ஒன்றின் இடத்தைப் பத்தின் கோட்டுக்குக் கொண்டுபோய்விடும். சரடு 2 மி.மீ.யைவிடப் பருமனாக இருந்தால் ஒன்பது முடிச்சுக் கொத்து 8 செ.மீ. இடைவெளிக்குள் அடங்காது.

இப்போது மூன்று எண்கள்: 352, 407, 261. முதல் சரடில் நூறின் கோட்டில் மூன்று ஒற்றை முடிச்சு, பத்தில் ஐந்து, ஒன்றில் இரண்டு சுற்று. இரண்டாவதில் நூறில் நான்கு, பத்தில் வெறுமை, ஒன்றில் ஏழு சுற்று. மூன்றாவதில் நூறில் இரண்டு, பத்தில் ஆறு, ஒன்றில் எட்டு வடிவம். நான்காவது சரடை மற்ற மூன்றுக்கும் எதிர்ப்பக்கமாக, தாய்க்கயிற்றுக்கு மேலே போகும்படி மாட்டுங்கள், அது கூட்டுத்தொகைக்கு. மொத்தம் 1020: ஆயிரத்தில் ஒரு ஒற்றை முடிச்சு, நூறில் வெறுமை, பத்தில் இரண்டு, ஒன்றில் வெறுமை. உண்மையான பல கிப்புகளில் மேற்கயிறு இப்படிக் கீழ்க்கயிறுகளின் கூட்டாக அமைவதுதான் லாக்கின் வாசிப்புக்கு உறுதி தந்தது. 2005இல் கேரி அர்ட்டனும் கேரி ப்ரெசினும் புருசுகோ என்ற இடத்துக் கிப்புகளில் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரு கிப்புவின் எண்கள் கூடி அடுத்த கிப்புவிலும், அவை கூடி அதற்கடுத்ததிலும் மேலேறுகின்றன. கீழ்நிலை அலுவலரின் கணக்கு மேல்நிலைக்குப் போன பாதை அது.

எண் மட்டும் போதாது, எதன் எண் என்றும் தெரிய வேண்டும். இன்காக்கள் அதற்குச் சரடின் நிறம், முறுக்கின் திசை, கிளைச்சரடு ஆகியவற்றைக் கையாண்டார்கள். உங்கள் கிப்புவில் நிறத்துக்கு ஒரு பொருளை ஒதுக்கினால், அந்த ஒதுக்கீட்டைத் தாய்க்கயிற்றின் தொடக்கத்திலேயே மாதிரித் துண்டாகக் கட்டிவிடுங்கள். சாயம் போகும் சரடை ஒதுக்குங்கள். சிவப்பும் பழுப்பும் சில ஆண்டில் ஒன்றாகிவிடும். மாதிரித் துண்டும் சேர்ந்தே மங்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல், சரடுகளைக் குழு குழுவாக இடம்விட்டுத் தொங்கவிடுவது பாதுகாப்பு.

எண் மாறினால் அவிழ்த்து முடியலாம். சுற்று முடிச்சை அவிழ்க்க வாலை இழுக்காதீர்கள். சுற்றுகளை நடுவை நோக்கி நெருக்கி, வளையத்தைத் தளர்த்தி, வாலை ஒவ்வொரு முறையாக வெளியே எடுங்கள். அவிழ்த்த இடத்தில் சரடு நெளிந்தே நிற்கும். கணக்கு எங்கே திருத்தப்பட்டது என்பதை அந்த நெளிவு காட்டும் என்பதால், தணிக்கைக்கு உரிய கிப்பு என்றால் அதை நீவி நேராக்காமல் விடுங்கள்.